ஸ்ரார்ட்டர் மெதுவாகச் சுற்றுகின்றதா? பற்றரியை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதன் பின்னர் சில வருடங்களாகப் புதிய மோட்டார் சைக்கிள் வாங்குவது பல குடும்பங்களுக்கு எட்டாத ஒன்றாக இருந்தது. பத்து, பதினைந்து வருடம் ஓடிய வாகனங்களே இன்றும் தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் வேலைக்கும் போய் வருகின்றன. இவற்றில் அடிக்கடி வரும் கோளாறு, பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுவது. கிக்கரை உதைக்கக் கூடியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். போரில் காலை இழந்தவர்கள் பலருக்கு அந்த வழி இல்லை. ஸ்ரார்ட்டர் நின்றால் அவர்களின் அன்றைய பயணமும் நின்றுவிடும்.

இக்கோளாறுக்குப் பலரும் உடனே புதிய பற்றரி வாங்கிவிடுகின்றனர். பழுது வேறிடத்தில் இருந்தால் அந்தப் பணம் வீண். ஒரு சாதாரண மல்ரிமீற்றர் இருந்தால் பழுது எங்கே என்பதை அரை மணித்தியாலத்தில் கண்டுபிடிக்கலாம். கீழே தரப்படும் அளவுகள் 12 வோல்ற் பற்றரி கொண்ட வாகனங்களுக்கானவை.

சத்தத்தைக் கவனியுங்கள்

'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் பற்றரி, வயர் இணைப்பு அல்லது றிலேயில் பழுது இருக்கலாம். ஸ்ரார்ட்டர் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் சுற்றாவிட்டால் ஒருவழிக் கிளச் தேய்ந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து மெதுவாகச் சுற்றினால் பின்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

1. பற்றரி

வாகனத்தைச் சில மணித்தியாலம் நிறுத்தி வைத்த பின் அளவிடுங்கள். 12.6 வோல்ற் அல்லது அதற்கு மேல் இருந்தால் சார்ஜ் நிறைந்துள்ளது. 12.2க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். பின்னர் பொத்தானை அழுத்தியபடியே அளவிடுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றரியும் 9.5 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால், பற்றரி பலவீனமானது அல்லது ஸ்ரார்ட்டர் அளவுக்கு மிஞ்சிய மின்னை இழுக்கின்றது. வேறொரு நல்ல 12 வோல்ற் பற்றரியை இணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரியானால் மட்டத்தையும் பாருங்கள். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். யாழ்ப்பாணக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அது பற்றரியைக் கெடுத்துவிடும்.

2. வயர்களும் இணைப்புகளும்

லைற் பிரகாசமாக எரிகின்றதே, வயரில் என்ன பிழை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். லைற்றுக்குச் சில அம்பியர் போதும். ஸ்ரார்ட்டருக்குப் பல பத்து அம்பியர் வேண்டும். 40 அம்பியர் ஓடும் இடத்தில் 0.05 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ற் அங்கே தொலைந்துவிடும்.

மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் முனையிலும் மற்றையதை ஸ்ரார்ட்டரின் முனையிலும் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த வயரில் அல்லது றிலேயில் பழுது. அடுத்து, பற்றரியின் மறை முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே இதேபோல் பாருங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் போனால் ஏர்த் இணைப்பில் பழுது.

மன்னார், முல்லைத்தீவு, பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றால் இந்த இணைப்புகள் விரைவில் பூத்துவிடும். கழற்றும்போது முதலில் மறை முனையைக் கழற்றுங்கள். வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். மறை முனையைக் கடைசியாகப் பூட்டுங்கள்.

3. ஸ்ரார்ட்டர்

பற்றரியும் இணைப்புகளும் சரியாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால் மட்டுமே ஸ்ரார்ட்டரைக் கழற்ற வேண்டும். உள்ளே காபன் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கலாம், கொம்யூற்றேற்றர் கறுத்திருக்கலாம், புஷ் தேய்ந்து ஆமேச்சர் காந்தத்தில் உரசியிருக்கலாம். பிரஷ்ஷும் புஷ்ஷும் தனியாகக் கிடைத்தால், முழு மோட்டரையும் மாற்றாமலே சரிசெய்யலாம்.

4. எஞ்சினும் சார்ஜிங்கும்

பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் பழுது எஞ்சினுக்குள். பொருந்தாத, தடித்த ஒயிலும் எஞ்சினை இறுக்கும்.

சார்ஜ் செய்த பற்றரி சில நாட்களிலேயே இறங்கினால், எஞ்சினைச் சற்று முறுக்கியபடி பற்றரியில் அளவிடுங்கள். 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சார்ஜிங் சுற்றைச் சரிசெய்யாமல் புதிய பற்றரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

கவனம்

சோதிக்கும்போது வாகனம் நியூற்றலில் இருக்கட்டும். பொத்தானை ஒரு தடவையில் 5 செக்கனுக்கு மேல் அழுத்த வேண்டாம். மோட்டர் ஆறச் சற்று இடைவெளி விடுங்கள். றிலேயின் இரு முனைகளையும் ஸ்குறூட்றைவரால் தொடுத்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. பெற்றோல் ஆவி இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும்.

எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கராச்சுக்குப் போக நேர்ந்தால் அதைக் காட்டினால் போதும். மெக்கானிக் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கத் தேவையில்லை, உங்களுக்கும் வீண் செலவு இல்லை.