'ராக் பர்ஸ்ட்': மருந்தே இல்லாமல் பாறை வெடிப்பது எப்படி?

கேஜிஎஃப் என்றதும் உங்களுக்கு சினிமாதான் ஞாபகம் வரும். ஆனால், கோலார் தங்கவயலில் நிஜமாகச் சுரங்கத்தில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் பயந்தது எந்த வில்லனுக்கும் அல்ல, 'ராக் பர்ஸ்ட்'டுக்கு.

அப்படின்னா என்ன?

இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிக ஆழம் கொண்டது. அந்த ஆழத்தில், மேலே உள்ள பாறையின் எடை காற்றழுத்தத்தைப்போல 800 மடங்குக்கும் மேல் அழுத்தும். தாதுவை வெட்டியெடுத்ததும், அது தாங்கிய சுமை பக்கத்துப் பாறைக்கு மாறும். கோலார் பாறை வளைந்து கொடுக்காது. ஒரு அளவு வரை தாங்கும், பிறகு சட்டென்று சிதறும். அவ்வளவுதான், கீழே இருப்பவர்களுக்கு ஓட நேரமிருக்காது. பெரிய வெடிப்புகளில் மேலே தரையில் இருந்த கட்டடங்களும் சேதமடைந்தன.

பெயர் எப்படி வந்தது?

கோலாரில் இது 1898-லேயே பதிவானது. ஆரம்பத்தில் 'ஏர் பிளாஸ்ட்', 'குவேக்' என்றே சொன்னார்கள். மைசூர் புவியியல் துறையின் ஸ்மீத் 1904-ல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே இந்த இரண்டு சொற்களும் உண்டு. தொழிலாளர்கள் முதலில் உணர்ந்தது முகத்தில் அறையும் காற்றையும் அதிர்வையும்தானே? வெடித்தது பாறை என்று சொல்லும் 'ராக் பர்ஸ்ட்' பிறகுதான் நிலைத்தது.

தமிழில்?

பாறை வெடிப்பு. உடனே டைனமைட் என்று நினைக்காதீர்கள். வெடிமருந்து வருவதற்கு முன்பே தமிழில் இருந்த சொல் 'வெடி'. பருத்திக்காய் வெடிக்கும், வெள்ளரிப்பழம் வெடிக்கும், காய்ந்த வயலும் வெடிக்கும். பிளப்பது, உள்ளிருக்கும் அழுத்தத்தால் சிதறுவது என இரண்டு பொருளும் இதில் உண்டு. ராக் பர்ஸ்டிலும் நடப்பது இந்த இரண்டும்தான்.

பெயரில் என்ன இருக்கிறது?

'குவேக்' என்றால் இயற்கைச் சீற்றம் என்று தோன்றும். 'பாறை வெடிப்பு' என்றதும் கேள்வியே மாறுகிறது: எங்கே வெட்டினோம், எந்த வரிசையில் வெட்டினோம், தாங்குவதற்கு என்ன வைத்தோம்? கோலாரில் மரத்தூண்களின் இடத்துக்கு கிரானைட் சுவர்கள் வந்தன, வெட்டும் முறையும் மாறியது. 1912-ல் நில அதிர்வுமானி வந்தது. 1988-ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கேதான் தொடங்கியது.

சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. ஆனால், தண்ணீர் நிரம்பிய பிறகும் அடியில் அதிர்வுகள் பதிவாகின. ஆட்கள் வெளியேறிவிட்டாலும், பாறையின் மேல் உள்ள சுமை அப்படியேதான் இருக்கிறது.