பந்தியிலிருந்து எடைத் தராசுக்கு: விருதுநகர் வட்டாரத்தில் ஊட்டச்சத்தியல் கல்வி வளர்ந்த வழி

முன்னுரை

காமராசர் பிறந்த மண் என்பதால் விருதுநகர் என்றதும் மதிய உணவுத் திட்டம் நினைவுக்கு வரும். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்ட வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சோற்றால் பிள்ளையின் உடம்பு தேறியதா என்று அளந்து பார்க்கும் கல்வி இங்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது அதிகம் பேசப்படவில்லை. இவ்வட்டாரத்தில் திட்டம் முன்னே போயிற்று, படிப்பு பின்னே வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வகமும் வகுப்பறையும்

தமிழ் மண்ணில் ஊட்டச்சத்து ஆய்வு குன்னூரில் தொடங்கியது. 1918-இல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசன், பின்னாளில் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமையும் பாலும் சேர்ந்த பஞ்சாப் உணவில் வளர்ந்தவை திடமாக இருந்தன. அரிசியையே நம்பிய சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை நலிந்தன. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். 1958-இல் குன்னூர் ஆய்வகம் ஐதராபாத்துக்குப் போய்விட்டது.

ஆய்வகத்து அறிவை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ராஜம்மாள் பி. தேவதாஸ். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்த அவர், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பினார். கோவையில் 1957-இல் தோன்றிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி அவர் தலைமையில் வளர்ந்தது. அடுப்படி வேலை என்று ஒதுக்கப்பட்ட மனையியலை, பள்ளி மதிய உணவை மதிப்பிடும் துறையாக அவர் மாற்றினார்.

மதிய உணவு விட்ட இடைவெளி

காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுக்குப் பின்னர் ‘கேர்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உணவுப் பொருள்களும் துணை வந்தன. பள்ளிக்கு வந்த பிள்ளை சாப்பிட்டது. ஆனால் சத்துக்குறைவு பிள்ளையைப் பிடிப்பது பள்ளிக்கு வரும் வயதுக்கு வெகு முன்பே. 1973-இல் வெளிவந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு, உணவுத் திட்டங்கள் எட்டாத கைக்குழந்தைகள்மீது கவனத்தைத் திருப்பியது.

உலக வங்கிக் கடனுதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்த இடைவெளியைக் குறிவைத்தது. தேர்ந்தெடுத்த ஆறு மாவட்டங்களுள் அன்றைய இராமநாதபுரமும் ஒன்று. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் எல்லாம் அப்போது அம்மாவட்டத்தில்தான் இருந்தன. இப்பகுதி தனி மாவட்டம் ஆனது 1985-இல்.

அத்திட்டம் எல்லாக் குழந்தைக்கும் உணவு கொடுக்கவில்லை. 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார்கள். கோடு மேலே ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எடை பார்க்கும் பணியாளர் அதே ஊர்ப் பெண். ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவரா என்பது அவரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தகுதியாகவே பார்க்கப்பட்டது. ‘எத்தனை பேர் சாப்பிட்டார்கள்?’ என்ற அரசுக் கணக்கு, ‘எந்தப் பிள்ளை வளரவில்லை?’ என்று மாறியது இங்கேதான்.

படிப்பு பின்தொடர்ந்தது

1966-இல் உருவான மதுரைப் பல்கலைக்கழகம் (1978 முதல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) இவ்வட்டாரக் கல்லூரிகளுக்குத் தாய்நிலையம். விருதுநகரில் 1962-இல் தோன்றிய வே.வ.வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி, மனையியலையும் ஊட்டச்சத்தியலையும் உள்ளூர்ப் பெண்கள் ஊரைவிட்டுப் போகாமல் படிக்க வழிசெய்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி மதுரையில் தொடங்கியதும் 1980-இல்தான். 1982 சூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபின், இப்படிப்புக்கு வெளியில் பெரிய களம் திறந்தது.

சிவகாசி எழுப்பும் கேள்வி

சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலிலிருந்து பிள்ளைகளை மீட்க 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், சிறப்புப் பள்ளிகளில் பாடத்தோடு உணவும் கொடுத்தது. 1996-இல் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதற்கு வலுச்சேர்த்தது. 2018-இல் விருதுநகர் ஒன்றிய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்ந்தது. அதன் மதிப்பீட்டில் நலவாழ்வுக்கும் ஊட்டச்சத்துக்கும் 30 விழுக்காடு மதிப்பெண். 2022-இல் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது.

முடிவுரை

கைக்குழந்தை, பள்ளிப் பிள்ளை, கர்ப்பிணி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டம் உண்டு. விடியலில் சோறாக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பட்டாசு ஆலை வண்டியேறி, எண்ணிக்கைக் கூலிக்குச் சரம் பின்னும் பெண்ணுக்குத் தனியாக ஒன்றும் இல்லை. சாப்பிட உட்காரும் நேரமும் அவருக்குக் கூலி இழப்புதான். அவர் மதியம் என்ன சாப்பிடுகிறார், இரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்பதைத் தொடர்ந்து அளக்கும் பணியை இவ்வட்டாரக் கல்லூரிகள் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். திட்டத்துக்குப் பின்னால் போன படிப்பு, இந்த ஒன்றிலாவது முன்னே போகட்டும்.