மரம் வெட்டுவோரின் சமையற்கூடம்

1871ஆம் ஆண்டு சிகாகோ நகரம் தீக்கு இரையாயிற்று. அதனை மீண்டும் எழுப்ப மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளிலிருந்து வெள்ளைப் பைன் பலகைகள் வந்து குவிந்தன. பலகைக் கணக்கு ஏடுகளில் உண்டு. அம்மரங்களை வீழ்த்தியவர்கள் உண்ட சோற்றுக் கணக்கை நாம் சற்றுப் பார்ப்போம்.

மரம் வெட்டும் பருவம் குளிர்காலம். பாதையில் நீர் தெளித்து உறையவைத்தால், பெருஞ்சுமை ஏற்றிய சறுக்குவண்டியையும் குதிரைகள் இழுத்துவிடும். ஆகவே இலையுதிர்காலத்தில் காடு புகுந்த ஆடவர் வசந்தம் வரையில் ஊர் காண்பதில்லை. அங்கே கடையில்லை, குடும்பமில்லை. முதலாளி தரும் உணவே உணவு.

தொடக்க நாளில் அது மிக எளியது. கனடாவின் ஒட்டாவா ஆற்றுப் பகுதியில், குடிலின் நடுவே மணல் பரப்பிய மேடையில் தீ எரியும். புகை வெளியேறக் கூரையில் ஒரு திறப்பு இருக்கும். இதற்குக் 'கம்பூஸ்' என்று பெயர். சமையலும் அங்கே, உறக்கமும் அங்கே. உலர்ந்த அவரை விதையையும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும் இரும்புக் கலத்தில் இட்டுச் சுடுமணலில் புதைத்துவிட்டால், விடிவதற்குள் பதமாக வெந்துவிடும். ரொட்டியும் அப்படியே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்பு அடுப்பு பரவியது. தனிச் சமையற்கூடமும் எழுந்தது. வெல்லப்பாகு ஊற்றிய கோதுமை அடை, ஆப்பிள் வற்றலைப் பூரணமாக வைத்துச் சுட்ட பணியாரம் ஆகியவை மேசைக்கு வந்தன. இருள் விலகுமுன் நீண்ட தகரக் குழல் ஊதி ஆட்களை எழுப்புவார்கள். தொலைவில் வெட்டுவோருக்கு நண்பகல் உணவு சறுக்குவண்டியில் போகும். தட்டில் இட்ட அவரை, உண்டு முடிக்குமுன் உறையத் தொடங்குவதும் உண்டு. மெய்ன் மாநில மரம் வெட்டுவோரின் உணவைப் பற்றி 1904ஆம் ஆண்டில் வெளிவந்த அரசாங்க ஆய்வு, ஓர் ஆள் நாளொன்றுக்கு 6000 கலோரிக்கு மேல் உண்டதாகக் காட்டியது. பேருண்டி என்று நகைக்க வேண்டாம்; கடுங்குளிரில் கோடரி பிடித்த கைக்கு அது வேண்டியிருந்தது.

உண்ணும்போது ஒருவரும் பேசக் கூடாது என்பது பல முகாம்களில் சட்டம். உப்பைக் கேட்கலாம், கதை பேசலாகாது. பேச்சு சண்டையை வளர்க்கும், நேரத்தை விழுங்கும் என்பது சமையற்காரர் சொன்ன நியாயம். எழுபது எண்பது பேர் கூடியிருந்தும் தகரத் தட்டின் ஓசை மட்டுமே கேட்கும். இதை நான் ஒழுங்கு என்று போற்றமாட்டேன். நாள் முழுதும் உழைத்தவனுக்கு உணவு வேளையிலும் வாய்ப்பூட்டு!

எனினும் சமையற்காரரை எல்லாரும் மதித்தார்கள். கோடரி பிடிப்பவனைவிட அவருக்குக் கூலி அதிகம். சமையல் கெட்டால் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த முகாமுக்கு நடந்துவிடுவார்கள். முதலாளிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள்.

பின்னாளில் பசிபிக் கரையோரக் காடுகளில் தொழிலாளர் நடந்து செல்வதோடு நிற்கவில்லை. 1917ஆம் ஆண்டில் வேலை நிறுத்தம் செய்தார்கள். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையோடு, நல்ல உணவைப் பீங்கான் தட்டில் தர வேண்டும், மேசையில் நெருக்கியடித்து உட்காரவைக்கலாகாது, சமையற்கூடத்தைத் தூய்மையாக வைக்கப் போதிய ஆட்கள் வேண்டும் என்பனவும் அவர்கள் பட்டியலில் இருந்தன. எட்டு மணி நேர வேலை 1918ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.