பூனைவணங்கி

குப்பைமேனியை அறியாதவர் நம் வயதுக்காரர்களில் இருக்க முடியாது. சொறி சிரங்குக்கு அதன் இலையோடு மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசி வளர்ந்தவர்கள் நாம். இந்தச் செடிக்குச் சித்த வைத்தியத்தில் வேறு பெயர்களும் உண்டு. பூனைவணங்கி என்பது ஒன்று, மார்ச்சாலமோகினி என்பது மற்றொன்று. மார்ச்சாலம் என்றால் பூனை. இவையெல்லாம் பழைய வைத்தியர்கள் அழகுக்குச் சூட்டிய பெயர்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

இங்கே குண்டனி நாட்டில் வீட்டுக்குள் சாமை மூட்டை இருந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வேண்டும். தெரு நாய்களுக்குப் பயந்து எங்கள் பூனையை வெளியே விடுவதில்லை. போன மழைக்காலத்தில் வேலியோரம் களை பறித்து, வேரும் மண்ணுமாகத் திண்ணையில் போட்டேன். எப்படியோ வெளியே வந்த பூனை அந்தக் குவியலில் மூக்கை வைத்தது. அடுத்த நொடி தலையைத் தாழ்த்திக் கன்னத்தை வேரில் தேய்த்தது, மல்லாந்து புரண்டது, எச்சில் ஒழுக வேரைக் கட்டிக்கொண்டு உதைத்தது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "அய்யா, இதுக்கு என்னமோ பிடிச்சிருக்கு. மலைக்குக் கீழே கொண்டுபோய் விட்டுடுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புதுச்சேரியில் எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் வீட்டுப் பூனையும் இப்படித்தான் கொல்லையில் புரண்டது. வெறி பிடித்துவிட்டது என்று அப்பா பயந்து, அன்றே அதைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவரச் செய்தார். அது திரும்பி வரவில்லை. அன்று பாட்டி கொல்லையில் களை பறித்திருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

இந்தச் செடியின் சரித்திரம் சுவையானது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் உள்ளிட்ட நம்மவர்களிடம் கேட்டு, மலபார்ச் செடிகளைப் பற்றி 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற பெரிய நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த அந்த நூலில் நம் செடி 'குப்பமேனி' என்ற பெயரிலேயே இருக்கிறது. 1753ல் லின்னேயஸ் அதற்கு 'அகாலிபா இண்டிகா' என்று பெயரிட்டார். பத்து வருடம் கழித்து மிஷேல் அதான்சோன் என்ற பிரெஞ்சுக்காரர் 'குப்பமேனி'யையே ஒரு பேரினப் பெயராக வைத்துப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. முந்திய பெயர்தான் செல்லும் என்பது தாவரவியல் விதி. அரசு ஆபீசில் சீனியாரிட்டி பட்டியலைப் போலத்தான்!

பிரெஞ்சுக்காரர்களுக்குப் பூனையின் இந்தக் கூத்து புதிதல்ல. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'எர்ப் ஓ ஷா' என்று ஒரு செடியைச் சொல்வார். பூனைகளின் மூலிகை என்று பொருள். அது புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. அதை முகர்ந்தாலும் பூனை இப்படித்தான் உருளும். நம் ஊர்ச் செடிக்கும் அதே பெயரை நம் முன்னோர் வைத்திருந்ததை நான் வகுப்பில் சொல்லியிருக்கலாம். எனக்கே அப்போது தெரியாதே.

ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள் குப்பைமேனி வேரை ஆராய்ந்து, பூனையை இழுக்கும் இரண்டு பொருட்களைப் பிரித்துக் காட்டியது 2016ல். 'எர்ப் ஓ ஷா'வில் உள்ள வாசனைப் பொருளுக்கு அவை நெருங்கிய உறவு. வாசனை வேரில் இருப்பதால்தான் செடி வேலியோரம் நிற்கும்வரை பூனை பேசாமல் போகிறது, பிடுங்கிப் போட்டால் வணங்குகிறது.

ஏன் தேய்த்துக்கொள்கிறது என்பதற்கு ஜப்பானிலிருந்து 2021ல் ஒரு விடை வந்தது. அங்கே பூனைகள் மயங்கும் மததாபி என்ற கொடியை வைத்துச் செய்த ஆய்வு அது. அந்த இலையில் முகத்தைத் தேய்த்துக்கொண்ட பூனைகள் மேல் கொசு குறைவாகவே உட்கார்ந்ததாம். குப்பைமேனி வேருக்கும் இது பொருந்துமா என்பது தனிக் கேள்வி. ஆனால் பூனையும் தன் மேனிக்காகத்தான் பூசிக்கொள்கிறதோ என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

பூனை வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். புரளும்போது தூக்காதீர்கள், நகம் படும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானே ஓய்ந்து தூங்கிவிடும். செடியைத் தின்ன விடவேண்டாம், அதில் சயனைடு வெளியிடும் பொருள் ஒன்று உண்டு. எழுந்து பழையபடி சாப்பிட்டால் பயமில்லை. மாற்றம் மறுநாளும் தொடர்ந்தால், காரணமின்றிக் கடிக்க வந்தால், அது வேறு விஷயம். கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும். கடி பட்டவர் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போகவேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். மறுநாள் தன் பூனைக்கென்று ஒரு வேர் கேட்டு வாங்கிப்போனார். அது ஒருமுறை முகர்ந்துவிட்டு, அடுப்படிக்குப் போய்ப் படுத்துக்கொண்டதாம். இந்த வாசனையெல்லாம் எல்லாப் பூனைக்கும் ஏறுவதில்லை. "உங்க பூனைதான் அய்யா ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.