ஒரு பெட்டி, இரண்டு இயங்குதளங்கள்



பண்டார் பாரு வட்டாரத்தில் வாழும் நமக்கு எல்லைக்கோடு என்பது புதிய செய்தி அன்று. கிரியான் ஆற்றின் இந்தக் கரை கெடா. ஆற்றைக் கடந்தால் பாரிட் புந்தார், அது பேராக். இன்னும் சற்றுத் தள்ளி நிபோங் திபால், அது பினாங்கு. மண் ஒன்றுதான். ஆனால் நிலவரி கட்டும் அலுவலகம் கரைக்குக் கரை வேறு. ஒரே நிலத்தைக் கோடு போட்டுப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியை நிர்வகிக்கும் இதே ஏற்பாடு கணினிக்குள்ளும் உண்டு. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்ளும் அந்த முறை எப்படித் தோன்றியது, அதனால் நம் குடும்பங்களுக்கு என்ன பயன் என்பதை இன்று காண்போம்.

முதலில், இயங்குதளம் என்றால் என்ன? தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் இருக்கிறார்கள், கத்தியும் வாளியும் இருக்கின்றன, மரங்களும் இருக்கின்றன. ஆனாலும் யார் எந்த நிரைக்குப் போவது என்று சொல்ல ஒருவர் வேண்டும். கணினியிலும் அப்படியே. விசைப்பலகை, திரை, நினைவகம், வட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது இயங்குதளம். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் மற்றோர் இயங்குதளம். ஒரு நேரத்தில் ஒரு பெரட்டுக்கு ஒருவர்தான் தலைமை தாங்க முடியும். ஆகவே இரண்டு இயங்குதளங்கள் இருந்தாலும், கணினியைத் திறக்கும்போது ஒன்றையே தேர்ந்தெடுக்கிறோம்.

இதன் வரலாறு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதில் பெரும்பாலோர் பயன்படுத்தியது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிய டாஸ் என்னும் இயங்குதளம். 1983இல் வந்த எக்ஸ்.டி. என்ற கணினியில் 10 மெகாபைட் கொள்ளும் வன்வட்டு இருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அந்த இடம் போதாமற் போகலாம். அன்றோ அது பெரிய களஞ்சியம். அந்த வட்டின் தொடக்கத்தில் 512 பைட் அளவுள்ள ஒரு சிறு பகுதியை ஒதுக்கினார்கள். அதில் 64 பைட், நிலப்பட்டா போன்ற ஓர் அட்டவணை. வட்டை நான்கு பாகங்கள் வரை பிரித்து, எந்தப் பாகம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அதில் எழுதி வைக்கலாம். ஒரே வட்டில் வெவ்வேறு இயங்குதளங்கள் குடியிருக்க இந்த அட்டவணையே வழி திறந்தது.

அதே 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தைப் படைப்போம் என்று அறிவித்து, குனு என்ற திட்டத்தைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்தபோது விலையின்றிக் கிடைக்கும் முழுமையான இயங்குதளம் ஒன்று உருவாயிற்று. ஆனால் அதை விரும்பிய பலரிடம் ஏற்கெனவே டாஸோ விண்டோஸோ இருந்தது. உள்ளதை அழித்துவிட்டுப் புதியதை வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? இந்தத் தேவையே இரட்டை ஏற்பாட்டைப் பரப்பியது. கணினி விழித்தவுடன் ‘எதைத் திறக்கட்டும்?’ என்று கேட்கும் சிறு நிரல்கள் வந்தன. 1992இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ அவற்றுள் ஒன்று. 1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் அதற்கு அடுத்தது. கிரப்பின் புதிய வடிவம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இனி நம் தமிழ் மக்களிடம் வருவோம். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கி, கணினியில் தமிழ் எழுத வழி செய்தார். 2001ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அதே காலக்கட்டத்தில் பல நாடுகளைச் சேர்ந்த தமிழ்த் தொண்டர்கள் லினக்ஸ் திரையில் தோன்றும் சொற்களைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். அதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை. மலேசிய அரசாங்கமும் 2004இல் மாம்பு என்னும் நிர்வாக நவீனமயமாக்கல் பிரிவின் வழியாகப் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது.

இரட்டை இயங்குதளம் பெரும் எண்ணிக்கையில் தமிழ்ப் பிள்ளைகளின் கைக்குச் சென்றது தமிழ்நாட்டில். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் என்னும் அரசு நிறுவனம் கணினிகளைக் கொள்முதல் செய்தது. தொடக்க ஆண்டுகளில் வழங்கிய கணினிகளில் விண்டோஸ் 7இன் தொடக்கநிலைப் பதிப்பும், பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட லினக்ஸ் வகை. அது இந்திய மொழிகளுக்கு இடம் தந்தது.

ஏன் இரண்டு? வேலை கொடுப்போர் பலர் விண்டோஸ் தெரியுமா என்று கேட்கிறார்கள். அதைப் பிள்ளைகளுக்கு மறுக்க முடியாது. மறுபக்கம், ஓர் இயங்குதளத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கவும், படியெடுத்துத் தம்பி தங்கையருக்குக் கொடுக்கவும் லினக்ஸ் இடம் தருகிறது. ஆனால் இரண்டு கதவு வைத்துக் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? இரண்டையும் திறக்கக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் வேண்டும். அது இல்லாத இடத்தில், இரண்டாவது கதவின் தாழ்ப்பாள் துருப்பிடிக்கும்.

இந்த வரலாறு இன்று நமக்கு ஏன் தேவைப்படுகிறது? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11ஐப் பல பழைய கணினிகள் ஏற்பதில்லை. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளைக்கு வாங்கிய கணினியை, அதன் உறுப்புகள் நன்றாக இருக்கும்போதே தூக்கி எறிய வேண்டுமா? வேண்டியதில்லை. அதே பெட்டியில் லினக்ஸையும் வைத்து, பள்ளிப் பாடத்துக்கும் இணையத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் பழைய மென்பொருள் ஒன்றிரண்டுக்கு அதைத் திறந்துகொள்ளலாம்.

ஆயினும் நிலத்தைப் பிரிக்கும்போது கவனம் வேண்டும். தவறான பாகத்தை அழித்துவிட்டால் குடும்பப் படங்களும் பாடக் குறிப்புகளும் போய்விடும். ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைப்பது. வட்டு பூட்டப்பட்டிருந்தால், அதைத் திறக்கும் மீட்புக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்வது இரண்டாவது. புதிதாக நிறுவுவோர் விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் வைப்பது வழக்கம். பின்னால் வரும் விண்டோஸ், லினக்ஸின் தேர்வுப் பட்டியலை ஒதுக்கிவிட்டுத் தன்னையே முன்னிறுத்திவிடக்கூடும் என்பதே காரணம். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுமையாக உறங்காமல் தன் பாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிறு வேடிக்கையும் உண்டு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் எட்டு மணி நேரம் பிந்திக் காட்டலாம். கணினி கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். பெட்டியினுள் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி முந்தியது. லினக்ஸில் ஒரு சிறு மாற்றம் செய்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

நேயர்களே, ஓர் உறையில் இரண்டு வாள் தங்காது என்பார்கள். உறையை அளந்து பிரித்தால் தங்கும் என்று கணினி காட்டியிருக்கிறது. தோட்டத்தில் பால் மரமும் செம்பனையும் அறிந்தவர்க்கு, ஒன்றில் வேலை குறைந்தால் மற்றொன்றில் கைகொடுக்கத் தெரியும். அதுபோல இரண்டு இயங்குதளங்களை அறிந்த பிள்ளை, ஒன்று மாறினாலும் நின்றாலும் கலங்காது. வீட்டில் பழைய கணினி இருந்தால், விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, படியெடுத்த பின் முயன்று பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.