வைசூரியும் அடிமை வாணிகமும்

தேசங்களின் சரித்திரத்தை மாற்றியவை வாளும் பீரங்கியும் மாத்திரமல்ல. கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமிகளும் அதனை மாற்றியுள்ளன. 1492 ஆம் ஆண்டிலே கொலம்பஸ் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த பின்னர் அமெரிக்காவில் நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும்.

ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா ஆகிய கண்டங்களில் வைசூரி நெடுங்காலமாக வழங்கிய நோய். அங்கே பலர் சிறுவயதிலேயே அதற்கு ஆளாயினர். பிழைத்தவரை அது மீண்டும் தீண்டுவது அரிது. அமெரிக்காவின் சுதேச மக்களோ அந்நோயை முன்னர் அறியாதவர்கள். ஆதலின் அது புகுந்த ஊர்களில் முதியோர், வாலிபர், குழந்தைகள் யாவரும் ஒருங்கே பாயில் வீழ்ந்தனர். தண்ணீர் கொடுக்க ஆளில்லை, வயலைப் பார்ப்பாருமில்லை. நோய்க்குத் தப்பியவர் பலரைப் பசி மாய்த்தது. 1520 இல் மெக்சிக்கோவின் அஸ்தெக் வேந்தன் குயித்லாவாக் வைசூரியால் மாண்டான். மறு ஆண்டே அவன் தலைநகர் ஸ்பானியர் வசமாயிற்று.

ஆயினும் பழி முழுவதையும் கிருமியின்மேற் சுமத்துதல் நீதியாகாது. இன்று ஹெயிட்டியும் டொமினிக்கன் குடியரசும் உள்ள ஹிஸ்பானியோலாத் தீவை நோக்குவோம். வைசூரி அங்கே பரவியது 1518 ஆம் ஆண்டின் முடிவிலேயாம். ஆனால் 1514 இல் எடுத்த கணக்கிலேயே சுதேசிகளான தைனோ மக்கள் 30,000 பேருக்கும் குறைந்துவிட்டனர். பொற்சுரங்கங்களிற் கட்டாய வேலையும், குடும்பப் பிரிவும், பட்டினியும் அவர்களை முன்னரே நலித்திருந்தன. நலிந்த உடலில் நோய் எளிதிற் குடிகொண்டது.

வேலையாட்கள் அருகியபோது எசமானர் வேலையைக் குறைத்தாரல்லர்; வேறு ஆட்களைத் தேடினர். 1518 இல் ஸ்பானிய அரசர் முதலாம் சார்ள்ஸ், ஆபிரிக்கர் 4,000 பேரைக் கொண்டுசெல்ல அனுமதி வழங்கினார். பின்னர் அடிமைக் கப்பல்களோடு மலேரியாவும் மஞ்சட் காய்ச்சலும் கடல் கடந்தன. தோட்டங்களிலிருந்த ஐரோப்பிய வேலையாட்கள் அவற்றால் மடிய, சிறுவயதிலேயே அந்நோய்களை எதிர்த்துப் பிழைத்த ஆபிரிக்கர் தாக்குப்பிடித்தனர். தோட்ட முதலாளிகள் அவர்களையே மேன்மேலும் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். உடலின் வலிமையே அவர்களுக்கு விலங்காயிற்று! ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளிற் சுமார் 125 இலட்சம் ஆபிரிக்கர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுட் சுமார் 18 இலட்சம் பேர் கரை காணாமலே மடிந்தனர்.

அடிமை முறை ஒழிந்தபின் முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். 1838 இல் பிரித்தானிய கயானாவுக்கும், 1853 இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்த்தினிக் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகள் செல்லத் தொடங்கினர். மார்த்தினிக்கிற்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளினின்று சென்றவருட் பலர் தமிழர். அம்மை நோயைத் தணிப்பவளென்று தாம் போற்றிய மாரியம்மனின் வழிபாட்டையும் அவர்கள் உடன்கொண்டு சென்றனர். அது அங்கே இன்றும் நிலவுகின்றது.

வைசூரி உலகினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார தாபனம் 1980 இல் அறிவித்தது. உழைப்பவனின் உயிரிலும் அவன் உழைப்பையே பெரிதாக மதிக்கும் நோய்க்கோ வைத்தியர் செய்யத்தக்கது யாதுமில்லை. அதனை ஒழித்தல் மக்களாகிய நம் ஒவ்வொருவரின் கடனாகும்.