காணிக்கைக்கு விலை ஏது?

கடவுளுக்கோ மகானுக்கோ கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எந்த மதத்திலும் வழக்கமில்லை. கொடுத்த கணத்திலேயே கொடுத்தவனுக்கு உரிமை போய்விடுகிறது. அப்படியானால், அந்தப் பொருளை மூன்றாம் மனிதன் ஒருவன் விலை பேசி விற்கலாமா? நான்காம் மனிதன் ஒருவன் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்வியோடு பாரசீகத்து வராமீன் என்ற ஊருக்குப் போய்ப் பார்ப்போம்.

டெஹ்ரானுக்குத் தென்கிழக்கே உள்ள நகரம் அது. அங்கே இமாம் ஹசனின் வழித்தோன்றலான யஹ்யா என்ற பெரியவர் அடங்கிய தர்கா ஒன்று இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பக்தர்கள் அதன் உட்சுவர்களைப் பீங்கான் ஓடுகளால் போர்த்தினார்கள். எட்டு முனை நட்சத்திரம் ஒன்று, கூட்டல் குறி போன்ற ஓடு ஒன்று. ஒன்றின் முனை மற்றொன்றின் இடைவெளியில் அச்சாகப் பொருந்தும். பல ஓடுகளின் விளிம்பைச் சுற்றிக் குர்ஆன் வாசகங்கள். நடுவே கொடியும் இலையும் பூவும். 1262-ஆம் ஆண்டைக் குறிக்கும் ஹிஜ்ரித் தேதிகளும் அவற்றில் உண்டு. மூன்றாண்டு கழித்து, 1265 மே மாதத்தில், மக்காவின் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடமும் முடிந்தது. பன்னிரண்டு அடிக்கு மேல் உயரம். அத்தனையும் பொன்னொளி வீசும் பீங்கான்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மங்கோலியக் குதிரைகள் 1220-இல் பக்கத்து நகரமான ரேயை மிதித்து அழித்திருந்தன. 1258-இல் பாக்தாத் விழுந்தது; கலீபா கொல்லப்பட்டார். அந்தப் பேரழிவை நடத்திய ஹுலாகு 1265 பிப்ரவரியில் இறந்தான். அதற்கு மூன்று மாதத்துக்குப் பின் வராமீனில் மிஹ்ராப் எழுந்தது. உலகம் நாளைக்கு இருக்குமா என்று தெரியாத நாளில், என்றைக்கும் நிலைக்கட்டும் என்று ஒருவர் களிமண்ணில் கை வைத்திருக்கிறார்!

அவர் பெயர் அலீ. காஷான் நகரத்து அபூதாஹிர் என்ற குயவரின் பேரர். காஷான் ஓடுகளின் புகழ் எப்படிப்பட்டதென்றால், பாரசீக மொழியில் ஓட்டுக்கே 'காஷி' என்று பெயர் வந்துவிட்டது. தகப்பனார் முஹம்மதும் ஓடு செய்தவர். மகன் யூசுபும் அப்படியே. 1305-இல், தகப்பனார் மாடம் அமைத்த அதே தர்காவுக்கு, சமாதியின் மேல் மூடும் ஓடுகளை இன்னொரு கலைஞருடன் சேர்ந்து யூசுப் செய்து கொடுத்தார்.

யூசுபின் சகோதரர் அபுல்காசிம் சூளையை விட்டுப் பேனாவை எடுத்தவர். மங்கோலிய அரசவையில் வரலாற்று ஆசிரியராக இருந்த அவர், 1301-இல் குடும்பத் தொழிலின் முறையையும் எழுதி வைத்தார். பத்துப் பங்கு வெண்கல் பொடி, ஒரு பங்கு கண்ணாடிப் பொடி, ஒரு பங்கு வெள்ளைக் களிமண். ஓட்டுக்கு அதுதான் மாவு. வெண்மெருகு பூசி ஒரு முறை சுட வேண்டும். பிறகு வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவையைக் காடியில் குழைத்துச் சித்திரம் எழுதி, புகை மூட்டமுள்ள சூளையில் இரண்டாம் முறை சுட வேண்டும். புகை பிராணவாயுவை விழுங்கிவிட, மெல்லிய உலோகப் படலம் மட்டும் மெருகின்மேல் தங்கும். ஆறியபின் மேலே படிந்த மண்ணைத் துடைத்தால் பொன்னாகச் சுடர்விடும். சூடு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அத்தனை உழைப்பும் வீண்தான்.

அறுநூறு ஆண்டுகள் அவை சுவரில் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் பாரசீக ஓடுகளின்மேல் மோகம் பிறந்தது. பாரசீகத்தில் தந்தித் துறையை நிர்வகிக்க வந்த ராபர்ட் மர்டக் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் அதிகாரியே லண்டன் பொருட்காட்சிசாலைக்காகக் கலைப்பொருள்களை வாங்கிக் குவித்தார். வாங்க ஆள் இருந்தால் பெயர்க்க ஆளா கிடைக்காது?

1881-இல் ஜேன் டியலாஃபுவா என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஆண் உடை தரித்து, கணவருடன் வராமீனுக்கு வந்தார். அப்போதே சுவர் ஓடுகள் பல களவு போயிருந்தன. மிஹ்ராப் மட்டும் இடத்தில் இருந்தது. 1900-இல் அதுவும் பாரிஸில் இருந்தது. பிறகு ஹாகோப் கெவோர்கியன் என்ற வியாபாரியின் கைக்கு வந்தது. 1940-இல் அவரிடமிருந்து அமெரிக்கப் புகையிலைக் கோடீசுவரரின் மகள் டோரிஸ் டியூக் அதை வாங்கி, ஹவாய்த் தீவுகளில் ஹொனலூலுவில் கட்டியிருந்த மாளிகைக்குக் கொண்டுபோனார். அவர் 1993-இல் காலமானார்; 2002 முதல் மாளிகையைப் பொதுமக்களும் பார்க்கலாம். சமாதி ஓடுகள் ரஷ்யாவின் ஹெர்மிடாஜில். நட்சத்திரங்களும் அவற்றின் துணை ஓடுகளும் லண்டனிலும் சிகாகோவிலும் இன்னும் பல ஊர்களிலும்.

"நல்லவேளை, எடுத்துப் போனார்கள்; இல்லாவிட்டால் உடைந்தே போயிருக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. பொருட்காட்சிசாலைகள் பத்திரமாகக் காத்தன. அறிஞர்கள் தேதிகளைப் படித்தார்கள். அலீயும் யூசுபும் உலகறிந்த பெயர்களானார்கள். ஆனால் திசை காட்டுவதற்காக ஒரு குறிப்பிட்ட சுவருக்கென்று செய்த மாடம் அது. சுவரை விட்டு எடுத்ததும் திசை போயிற்று. அழகு மட்டும் மிஞ்சியது. நட்சத்திரம் ஒரு நாட்டிலும் அதன் இடைவெளியை நிரப்பிய ஓடு வேறொரு நாட்டிலும் இருந்தால், இரண்டையும் காத்தோம் என்று எப்படிச் சொல்வது? பாழடைந்த கட்டடம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தர்கா இன்றும் இருக்கிறது. ஜனங்கள் இன்றும் போகிறார்கள்.

உள்ளே மேல்வரிசையில், 1307-இல் சுண்ணச் சாந்தில் செதுக்கிய எழுத்துப் பட்டை இருக்கிறது. சுவரோடு சுவராக ஒட்டிய சாந்து தப்பிவிட்டது. தனித்தனியே கழற்றக்கூடிய பீங்கான் தப்பவில்லை. கீழே வெறும் சுவர். வராமீனுக்கு வரும் பெண்கள் அந்தச் சமாதியின் அருகே நின்றுதான் தங்கள் குழந்தைகளுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பெரியவர் யஹ்யா எங்கும் போய்விடவில்லை. போனது, அவர்களுடைய முன்னோர் அவருக்குக் கொடுத்த காணிக்கை. அதை விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒருவரையொருவர் கேட்டு விலை முடித்துக்கொண்டார்கள். இவர்களை யாரும் கேட்கவில்லை.